காலால் சுக்கான் பிடித்தவன்

முத்தலிபு யாரையும் நம்புகிற ஆள் இல்லை. மீன் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்கமாட்டான், தராசுக்காரனின் விரலைத்தான் பார்ப்பான். பஸ்ஸில் ஏறினால் பலகையில் எழுதியிருப்பதை நம்பாமல் கொண்டக்டரிடம் கேட்பான். கொண்டக்டர் சொன்னதை நம்பாமல் பக்கத்தில் இருக்கிறவனிடம் கேட்பான். பிறை கண்டதாக றேடியோ சொன்னாலும், தானும் ஒருதரம் கரைக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நோன்பு பிடிப்பான். அப்படிப்பட்ட மனிதன் ஐம்பத்துமூன்று வயதில் ஒரு குட்டி விமானத்தில் ஏறி உட்கார்ந்து, அதை ஓட்டப் பழகினான் என்று சொன்னால் சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். நடந்தது நடந்ததுதான்.

யுத்தம் முடிந்து இரண்டாவது வருஷம் அது. கற்பிட்டிக் கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்தார்கள். கடலில் டொல்பின் என்கிற ஓங்கில் பார்க்க வருகிறவர்களை ஆகாயத்தில் ஏற்றியும் காட்டலாம் என்று கொழும்பு முதலாளி ஒருவருக்கு யோசனை வந்தது. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற றோட்டில், உப்புநீர் ஏரியான களப்புப் பக்கமாக ஒரு பட்டுப்போன தென்னந்தோட்டத்தை வெட்டி, கிறவல் கொட்டி, உருளை விட்டு ஓடுபாதை போட்டார். இரண்டு கதிரை உள்ள வெள்ளை விமானம் ஒன்று வந்து இறங்கியது. கொழும்புப் பிள்ளைகளுக்குப் பறக்கவும் பழக்கிக் கொடுக்கப்படும் என்று போர்ட் போட்டார்கள்.

பழக்குகிற மாஸ்டராக வந்தவன் அன்ரனிப்பிள்ளை. சிலாபத்துக் கத்தோலிக்கன். நாற்பத்தொரு வயது. மாலைதீவில் பத்து வருஷம் தீவுக்குத் தீவு பறந்தவன். ஆள் குள்ளம், வாய் நீளம்.

காவலுக்கு முத்தலிபைப் பிடித்தார்கள். காவல் என்றால் கள்ளனுக்கு இல்லை, கழுதைக்கு. அந்தப் பக்கத்துக் கழுதைகளுக்குக் கிறவலில் படுத்து வெயில் காய்வதென்றால் அப்படி ஒரு ஆசை. விடியப்புறம் போய்த் துரத்தவேண்டும், விமானம் திரும்பி வருவதற்குள் இன்னொருதரம் துரத்தவேண்டும். இதற்கு ஒரு ஆள். அதற்கு முன் முத்தலிபு பாலாவியில் உப்பளத்துப் பாத்தியில் உப்பு வாரினான். அதற்கும் முன் ஊரான் போட்டில் கூலிக்கு வலை இழுத்தான்.

எல்லாவற்றுக்கும் முன், மன்னார்த் தீவில், அவனுக்கென்று ஒரு பாய்வள்ளம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, உடுத்த உடுப்போடு போகலாம், வள்ளம் நிற்கட்டும் என்றார்கள். கற்பிட்டிக்கு வந்த போட்டில் அவன் மூட்டைகளுக்கு நடுவே மூட்டையாக உட்கார்ந்து வந்தான். வேறொருவன் சுக்கான் பிடிக்க, தான் சும்மா இருந்து கடலைக் கடந்தது அன்றைக்குத்தான் முதல்தரம். அதன்பிறகு இருபது வருஷமாக எல்லாம் அப்படியேதான் போயிற்று. மற்றவன் போட், மற்றவன் பாத்தி, மற்றவன் நேரம். தன் கையில் ஒன்றைப் பிடித்து, இந்தப் பக்கம் போ என்றால் அது போவதை முத்தலிபு மறந்தே போயிருந்தான்.

தை மாதத்தில் ஒருநாள் காலை. ஓடுபாதைக்குக் கிழக்கே உப்புப் பாத்திகள் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற முத்தலிபு, விமானத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த அன்ரனிப்பிள்ளையிடம் போனான்.

"மாஸ்டர், இண்டைக்கு ஒம்பது மணிக்கு முன்ன இறங்கிருங்க."

"ஏன் நானா, கனவு ஏதும் கண்டீங்களா?" முத்தலிபை அண்ணன் முறைக்கு அவன் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"பாத்தித் தண்ணி தோல் சுருங்குது. காத்து பக்கம் மாறும்."

"எனக்கு ரத்மலானை எயார்போட்டில இருந்து காத்து அறிக்கை வந்திருக்கு."

"அறிக்கை எழுதினவன் ரத்மலானையில இரிக்கான். காத்து இஞ்ச இரிக்கி."

அன்ரனிப்பிள்ளை சிரித்துவிட்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவியை ஏற்றிக்கொண்டு போனான். ஒன்பதரைக்குத் திரும்பி வந்தபோது விமானம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வந்து, ஒரு சில்லில் குதித்து, மறுசில்லில் குதித்து, ஓடுபாதையின் கடைசிக் கிறவலில் நின்றது. கிழவி தன் தொப்பிக்குள் சத்தி எடுத்திருந்தாள். அன்ரனிப்பிள்ளை இறங்கி, சிகரட் பற்றவைத்து, பாதி குடித்துவிட்டு முத்தலிபிடம் வந்தான்.

"நானா, இனிமே தினம் காலையில நீங்கதான் எனக்குக் காத்துச் சொல்லணும். அதுக்கு என்ன வேணும், சொல்லுங்க. சாராயம் தொடமாட்டீங்க. சிகரட்?"

"ஒருக்காப் பிடிக்கத் தாங்க."

"எத?"

முத்தலிபு நாடியால் விமானத்தைக் காட்டினான். "அதத்தான்."

அந்த ஒருதரத்தோடு கதை முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. ஆயிரம் அடியில் அன்ரனிப்பிள்ளை கையை எடுத்துவிட்டு, "பிடிங்க" என்றான். முத்தலிபு பிடித்தான். மெல்ல வலப்பக்கம் சாய்த்தான். களப்பு முழுக்க, தோணிகளும் தீவுகளும் கண்டல் காடுமாக, அவனுடைய கைக்குக் கீழே சாய்ந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு ஒன்று அவன் சொல் கேட்டது. இறங்கியதும் அவன் சொன்ன முதல் பேச்சு, "இத ஒழுங்காப் பழக எவ்வளவு நாள் செல்லும்?"

"நானா, வயசு?"

"வயச இதுகிட்டச் சொல்லாதீங்க. அதுக்குத் தெரியாது."

அன்ரனிப்பிள்ளை ஒரு வழி கண்டான். காவல்காரனுக்குக் கிழமைக்கு ஒருநாள் லீவு. முத்தலிபு அந்த லீவை எடுக்கமாட்டான். அதற்குப் பதிலாகக் கிழமையில் மூன்று விடியற்காலை, கொழும்புப் பிள்ளைகள் எழும்புவதற்கு முன், அரைமணி நேரம். முதலாளி ரெலிபோனில் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சரி என்றாராம். கொழும்பில் ஒரு டொக்டர் முத்தலிபின் கண், காது, நெஞ்செல்லாம் சோதித்துக் கடதாசி கொடுத்தான். லைசன்ஸ் எடுக்கப் பரீட்சை எழுதவேண்டும், அது ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு ஆகாத காரியம். ஆனால் லைசன்ஸ் முத்தலிபுக்கு வேண்டாம். மாஸ்டரின் கையெழுத்தோடு ஒரேயொருதரம் தனியாக ஏறிச் சுற்றி இறங்கவேண்டும். பக்கத்தில் ஒருவனும் இல்லாமல். அவ்வளவுதான் அவன் கேட்டது.

அந்த விடியற்காலைகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் காணாது. சுபஹுத் தொழுதுவிட்டுச் சைக்கிளில் வருவான். களப்பில் புகைமாதிரிப் பனி நிற்கும். விமானத்தின் கதிரை பனியில் நனைந்து குளிர்ந்து கிடக்கும், சாரனுக்குள்ளால் குளிர் ஏறும். ஓம், சாரனோடுதான். காற்சட்டை போடச் சொல்லி அன்ரனிப்பிள்ளை களைத்துப்போய் விட்டுவிட்டான். பெற்றோல் மணமும் உப்பு மணமும் கலந்து ஒரு மணம் வரும். இன்றைக்கும் புத்தளத்தில் ஏதாவது பெற்றோல் செட்டுக்குப் பக்கத்தால் கடல்காற்று அடித்தால் முத்தலிபு சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பான். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தாலும் நகரமாட்டான்.

அவனுக்கு அதில் மிகப் பிடித்தது ஏறுவதற்கு முன் செய்கிற சோதனை. எண்ணெய் இருக்கிறது என்று முள் காட்டும். அதை நம்பக்கூடாதாம், இறக்கைச் செட்டைமேல் ஏறி எண்ணெய்த் தாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்க்கவேண்டுமாம். நேற்றுப் பூட்டிய ஆணியை இன்றைக்கும் அசைத்துப் பார்க்கவேண்டுமாம். பெற்றோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டுமாம். முத்தலிபுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாஸ்டர், இது எனக்கெண்டே செஞ்ச வேல."

"தெரியும் நானா. உங்களப்போல சந்தேகம் பிடிச்ச ஆள்தான் இதுல கிழவனாகிச் சாவான். நம்புற ஆள் வாலிபத்திலயே போயிருவான்."

அவன் செட்டையை விரலால் தட்டிப் பார்ப்பான். "என்ட வீட்டுச் சோத்துச் சட்டி இதவிடத் தடிப்பு."

"சோத்துச் சட்டி பறக்காது, நானா."

"சித்தி மரியத்துக்குக் கோவம் வந்தாப் பறக்கும்."

சித்தி மரியம் என்பது அவன் மனைவி. அவளைப் பற்றிப் பிறகு.

ஆகாயத்தில் முத்தலிபு குறைவில்லாமல் ஓட்டினான். காற்றை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாடை எங்கே தூக்கும், களப்புக்கும் மணலுக்கும் நடுவில் எங்கே இறக்கும் என்பது அவன் முதுகுக்குத் தெரியும். பிழை வந்தது நிலத்தில்.

விமானம் நிலத்தில் ஓடும்போது கையால் திருப்புவதில்லை. கீழே இரண்டு பெடல் இருக்கும். வலக்காலை மிதித்தால் வலப்பக்கம், இடக்காலை மிதித்தால் இடப்பக்கம். குழந்தைக்கும் விளங்கும். முத்தலிபுக்கும் விளங்கியது. ஆனால் முதல்நாளே, "நானா, இடப்பக்கம், இடப்பக்கம்" என்று அன்ரனிப்பிள்ளை கத்தக் கத்த, விமானம் வலப்பக்கம் திரும்பி எண்ணெய்ப் பீப்பாய்களைப் பார்த்துப் போனது. முட்டுவதற்கு ஒரு முழம் இருக்க அன்ரனிப்பிள்ளை பிறேக்கை அடித்தான்.

"இடது எது, வலது எது எண்டு தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டா அந்தப் பக்கம் போனீங்க?"

"கால் போயிற்று."

இரண்டாம் நாளும் கால் போயிற்று. மூன்றாம் நாளும். ஆறுதலாக ஓடும்போது யோசித்துச் சரியாக மிதிப்பான். அவசரம் வந்தால் மாறி மிதிப்பான். தரையைத் தொட்டுப் பாய்ந்து ஓடுகிற நேரத்தில் அவசரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? காற்று மூக்கை ஒருபக்கம் இழுத்தால், இவன் மிதிக்கிற மிதி அதை அதே பக்கம் இன்னும் தள்ளும். அன்ரனிப்பிள்ளைக்கு இதன் காரணம் விளங்கவேயில்லை. மாலைதீவுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேருக்குப் பழக்கியிருந்தான், இப்படி ஒரு காலை அவன் கண்டதில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது முத்தலிபேதான். அதுவும் பள்ளிவாசலில், தொழுகைக்கு வுழூ செய்து கழுவக் காலை நீட்டியபோது. நேரே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்குப் போய், கொட்டிலில் பாண் தின்றுகொண்டிருந்த அன்ரனிப்பிள்ளையின் முன்னால் நின்றான்.

"நான் கடல்ல சுக்கான் பிடிச்சது கையால இல்ல, மாஸ்டர்."

"பின்ன?"

"கையில வலையும் பாய்க் கயிறும். சுக்கான் தடி காலுக்குத்தான். பின்னணியத்துல குந்திக்கிட்டுக் காலால தள்ளுவோம். எங்கட பக்கத்துல எல்லாரும் அப்படித்தான். தடிய வலப்பக்கம் தள்ளினா வள்ளம் இடப்பக்கம் போகும். இடப்பக்கம் தள்ளினா வலம்."

அன்ரனிப்பிள்ளை பாணை வைத்துவிட்டான். "எத்தின வருஷம் அப்படி?"

"பத்து வயசுல இருந்து முப்பத்திரெண்டு வரைக்கும்."

"மாதாவே! இருவத்திரெண்டு வருஷம் பிழையாப் பழகின கால்."

"பிழை இல்ல," என்றான் முத்தலிபு கடுப்பாக. "அதுக்கு அது சரி. உங்கட சாமான்தான் மாறிச் செஞ்சு வச்சிரிக்கி."

பிறகு வீட்டில் பழக்கம் நடந்தது. முற்றத்தில் கதிரையைப் போட்டு, முன்னால் இரண்டு செங்கல்லை வைத்து, முத்தலிபு உட்காருவான். சித்தி மரியம் பின்னால் அகப்பையோடு நிற்பாள். வலத் தோளில் தட்டினால் காற்று மூக்கை வலப்பக்கம் இழுக்கிறது என்று அர்த்தம், இவன் இடக்கால் செங்கல்லை மிதிக்கவேண்டும். பிழையாக மிதித்தால் அகப்பை தலைக்கு வரும்.

"இஞ்சாருங்க, பள்ளியால வாற சனம் வேலிக்குள்ளால பாக்குது."

"பாக்கட்டும். தட்டு."

"புருசனுக்குப் பேய் புடிச்சிட்டெண்டு நாளைக்கு ஓதித் தண்ணி கொண்டுவரப் போறாங்க."

"கொண்டுவந்தாக் குடிக்கலாம். தட்டு புள்ள!"

அவள் தட்டினாள். தோளில் தட்டியதை விடத் தலையில் தட்டியதுதான் கூட என்று முத்தலிபு சொல்வான். நான் எண்ணினேன், எல்லாம் சரியாகத்தான் தட்டினேன் என்று அவள் சொல்வாள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

மாசியும் பங்குனியும் போயின. கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல் கேட்டது. பத்துத்தரம் இறங்கினால் ஏழுதரம் சரி. ஒருநாள் காலை ஐந்துதரம் இறங்கினார்கள், ஐந்தும் பூப்போல. அன்ரனிப்பிள்ளை கைதட்டினான். முத்தலிபின் முகம் கறுத்தது.

"நீ மிதிச்ச."

ஆகாயத்திலும் கோபத்திலும் அவன் மாஸ்டரைத் தம்பியாக்கிவிடுவான்.

"நான் தொடவே இல்ல, நானா."

"பொய். உன்ட பக்கமும் ரெண்டு பெடல் இரிக்கி. நீ மெல்ல அமத்துற. என்ட காலுக்குத் தெரியும்."

மறுநாள் அன்ரனிப்பிள்ளை இரண்டு காலையும் கதிரைமேல் மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டு பறந்தான். விமானம் சரியாக இறங்கியது. முத்தலிபு குனிந்து அவன் முழங்காலுக்குக் கீழே பார்த்தான்.

"கையால ஏதும் செஞ்சியா?"

"கையக் கக்கத்துக்குள்ள வச்சிருந்தேன்! இனி என்னத்தச் செய்ய? நான் கீழ இறங்கி நிண்டாத்தான் நீங்க நம்புவீங்க."

"ஓம். அதத்தான் நானும் சொல்றேன். இறங்கு."

"பத்துக்கு மூணு இன்னும் பிழைக்குது. உங்கள நம்பி நான் எப்படி இறங்குறது?"

வாழ்நாள் முழுக்க முத்தலிபு மற்றவனை நம்பாமல் இருந்தான். இப்போது ஒருவன் அவனை நம்பவேண்டியிருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வாங்கிப் பழகாத சாமானுக்கு விலை தெரியாது.

சித்திரை பிறந்து கொஞ்சநாளில் சங்கதி வந்தது. வெள்ளைக்காரர்கள் ஓங்கிலைப் போட்டில் போய்ப் பார்த்தே திருப்திப்பட்டார்கள். கொழும்புப் பிள்ளைகளுக்குக் கழுதையும் நுளம்புக் கடியும் பிடிக்கவில்லை. முதலாளி இடத்தை மூடுவதாக முடிவெடுத்தார். வருகிற சனிக்கிழமை காலை எட்டுமணிக்கு அன்ரனிப்பிள்ளை விமானத்தை ரத்மலானைக்குக் கொண்டுபோகவேண்டும். திரும்பி வரப்போவதில்லை.

அந்தக் கிழமை பார்த்துத் தென்மேற்குக் காற்றான சோளகம் முந்திக்கொண்டது. திங்கள் காற்று, புதன் காற்று, வெள்ளி மழையும் காற்றும். மூன்று காலையும் விமானம் கட்டின கயிற்றில் ஆடிக்கொண்டு நின்றது. முத்தலிபு கொட்டில் வாசலில் குந்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்ரனிப்பிள்ளை பகிடி விட்டுப் பார்த்தான், பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தான். ஒன்றுக்கும் அசையவில்லை.

சனிக்கிழமை விடிய, காற்று படுத்துக் கிடந்தது. முத்தலிபு பாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஏழரை மட்டும் தாங்கும். அதுக்குப் பிறகு வரும்" என்றான். அப்போது ஆறு மணி.

மூன்று சுற்று என்று பேச்சு. மூன்றும் சரியாக வந்தால் அன்ரனிப்பிள்ளை இறங்குவான். முதல் சுற்று சரி. இரண்டாம் சுற்றில் தரையைத் தொட்டதும் மூக்கு கொஞ்சம் வலப்பக்கம் போக, முத்தலிபின் வலக்கால் குதித்து மிதித்தது. அன்ரனிப்பிள்ளை எதிர்ப்பெடலை உதைத்து நேராக்கினான். மூன்றாம் சுற்று இறங்கியது. நேராக ஓடி நின்றது. எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்க, அன்ரனிப்பிள்ளை விரல் மடித்து எண்ணினான்.

"மூணுல ரெண்டு," என்றான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். "மூணாவது நல்லா வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. ரெண்டாவது... சரி, ஒரு பிழை எல்லாருக்கும் வரும்." அவன் கை கதவுப் பிடியை நோக்கிப் போனது. மனம் இளகிவிட்டது, பிரிகிற நாள் அல்லவா.

முத்தலிபு அந்தக் கையைப் பார்த்தான். மூன்று மாதமாக அவன் கேட்டது அந்தக் கதவு திறப்பதைத்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

"மூண்டாவதும் பிழதான்," என்றான்.

"என்ன?"

"நீ காணல்ல. முதல்ல மாறித்தான் மிதிச்சேன். சுறுக்கா எடுத்துட்டு மத்தக் கால வச்சேன். அதான் நேரா வந்திச்சி."

அன்ரனிப்பிள்ளை கதவுப் பிடியில் கையை வைத்தபடியே திரும்பி அவனைப் பார்த்தான். "நான் உணரவே இல்லையே."

"நீ வெளிய பாத்துக்கிட்டிருந்த. எனக்குத் தெரியும். கால் என்ட கால்."

"நானா, உங்களுக்கென்ன விசரா? நான் இறங்கப் போனேன். சும்மா இருந்திருந்தா..."

"ஏமாத்தி ஏறி என்னத்துக்கு? மேல போய் ஆர ஏமாத்துற?"

அன்ரனிப்பிள்ளை காதுமூடியைக் கழற்றினான். இடுப்புப் பட்டியைக் கழற்றினான். கதவைத் திறந்து இறங்கி, வெறுமையான கதிரைக்குமேல் பட்டியைத் திரும்ப இழுத்துப் பூட்டினான், பிள்ளையை உட்கார்த்திக் கட்டுவதுபோல.

"எங்க போற?" என்றான் முத்தலிபு. குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

"இறங்கிட்டேன், பாக்கல்லையா? மாறி மிதிச்சது உங்களுக்கே தெரிஞ்சு, நான் காணமுதல் திருத்தினா, அதுக்கு மேல பக்கத்துல இருந்து நான் என்னத்தச் செய்ய?" எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினான். "ஒரு சுத்து! ஒண்டே ஒண்டு! ஆள் குறைஞ்சா கெதியா ஏறும், பயப்படாதீங்க!"

கதவைச் சாத்தினான்.

ஏறும் என்று சொன்னான்தான், ஆனால் இப்படி ஏறும் என்று முத்தலிபு நினைக்கவில்லை. ஓடுபாதையின் பாதியிலேயே நிலம் விட்டுப்போயிற்று. பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. பூட்டிய பட்டி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. "பிஸ்மில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னான், ஏற முன் சொல்ல மறந்துவிட்டதால்.

எண்ணூறு அடியில் நேராக்கினான். இடப்பக்கம் களப்பு வெள்ளித்தட்டாகக் கிடந்தது. வலப்பக்கம் நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூண்டும், அதற்கப்பால் கடலும். பின்னால் வடக்கே, மன்னார்ப் பக்கமாக, கற்பிட்டி மூக்குக்கும் தீவுகளுக்கும் அப்பால், நீலமாய்ப் புகைபோல ஒரு கரை. கரையோ மேகமோ, யார் கண்டது. திருப்பிப் பிடித்தால் அரைமணி நேரம்கூட ஆகாது. எண்ணெய் இருந்தது. குச்சி விட்டுத் தானே பார்த்தது. தடுக்கப் பக்கத்தில் ஆளில்லை. அவன் அந்த நீலத்தை ஒருதரம் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். கிறவல் ஓரத்தில் அன்ரனிப்பிள்ளை இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அரிசிமணி அளவில் நின்றான். ஒரு சுற்று என்றுதான் பேச்சு. முத்தலிபு திருப்பவேண்டிய இடத்தில் திருப்பினான்.

காற்று ஏழரை வரைக்கும் காத்திருக்கவில்லை. தெற்கு நோக்கி இறங்கி வரும்போது வலப்பக்கத்தால் முதல் தள்ளு வந்தது. காற்றை அவன் பிழையாகச் சொன்னது அன்றைக்குத்தான். செட்டையைக் காற்றுக்குள் சாய்த்து வந்தான், அது அவன் முதுகுக்குத் தெரிந்த வேலை. சில்லுகள் கிறவலைத் தொட்டன. உடனே மூக்கு காற்றுக்குள் திரும்பியது. வலப்பக்கம்.

கால் எழுந்தது. எந்தக் கால் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஓடுபாதை கண்ணாடியிலிருந்து விலகிப் போவதும், தென்னங்குற்றி ஒன்று வருவதும், வலப்பக்கச் சில்லு கிறவலைவிட்டு மணலில் உழுவதும் தெரிந்தது. "தம்பி!" என்று கத்தினான். கதிரை சும்மா கிடந்தது. பிறகு இடக்காலை, இடுப்பிலிருந்து, முழுப்பாரத்தோடு ஊன்றினான். மூக்கு யோசித்தது. மணலை வாரி இறைத்துக்கொண்டு மெல்லத் திரும்பி வந்தது. கிறவலுக்கு ஏறி, ஓடி, ஓடி, நின்றது.

அழகான இறக்கம் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் விமானம் முழுசாக நின்றது, அதை நிறுத்தியது வேறொருவனும் இல்லை.

எஞ்சினை நிறுத்தினான். அன்ரனிப்பிள்ளை சப்பாத்தில் மணல் பறக்க ஓடிவந்து கண்ணாடியில் தட்டினான். முத்தலிபு கையைக் காட்டி, பொறு என்றான். அவன் பொறுத்தான். எஞ்சின் ஆறுகிற டிக், டிக் சத்தம் கேட்டது. அது முழுக்க அடங்கும்வரை முத்தலிபு கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு இருந்தான். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தான்.

"சில்லு மணலுக்குள்ள போனதப் பாத்தேன்," என்றான் அன்ரனிப்பிள்ளை. முகம் வெளிறியிருந்தது. "நான் மாதாவுக்கு என்னென்ன நேர்ந்தனோ எனக்கே தெரியாது."

"நேர்ந்ததக் குடுத்திருங்க. பாதி வேல அவங்க செஞ்சிருப்பாங்க."

"மீதி?"

"மீதி நான்தான்," என்றான் முத்தலிபு.

எட்டுமணிக்கு அன்ரனிப்பிள்ளை முத்தலிபைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறினான். விமானம் தெற்கே சிறுத்துச் சிறுத்துப் போய், முந்தல் பக்கம் மேகத்தில் கரைந்தது. அதன்பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் காணவில்லை. ஓடுபாதையில் இப்போது இறால் பண்ணை. தேநீர்க் கடையில் இந்தக் கதையைச் சொன்னால் பாதிப்பேர் நம்புவதில்லை. மீதிப்பேர் நம்புவதாக நடிக்கிறார்கள்.

அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போனபோது சித்தி மரியம் கிணற்றடியில் இருந்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"ஏறினீங்களா?"

"ம்."

"தனியவா?"

"தனிய."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். முத்தலிபு உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தான். வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. வேலிப் படலையும் அப்படியே. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை செத்த பிணம்போலத் தூங்கினான். அதற்கிடையில் அடுத்த வீட்டு ஆடு உள்ளே வந்து, இடியப்பத்துக்கு ஊறப்போட்டிருந்த அரிசி முழுவதையும் தின்றுவிட்டு, அவன் தலைமாட்டில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"கதவத் துறந்துபோட்டுத் தூங்குற ஆளா நீங்க?" என்று சித்தி மரியம் கூப்பாடு போட்டாள். "வீட்டக் கொள்ளை கொண்டு போனாலும் தெரியாது!"

முத்தலிபு பாயில் எழுந்து உட்கார்ந்து ஆட்டைப் பார்த்தான். ஆடு அவனைப் பார்த்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஏச ஏச, கண்ணால் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தான்.